அக்காவுக்குக் கையால் செய்யும் ஆர்ட் ஜர்னல்: பீரோவில் வைத்துப் பூட்டாதபடி எப்படிச் செய்வது?

கிறுக்கல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் பிறந்தநாளுக்கு நானே ஒரு ஆர்ட் ஜர்னல் செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் நோட்டு வாங்கி மேலே ஸ்டிக்கர் ஒட்டித் தருகிற வேலை இல்லை. தாளை மடித்து, தைத்து, அட்டை போட்டு, உள்ளே கொஞ்சம் வரைந்து, கொஞ்சம் எழுதி, பழைய போட்டோ, டிக்கெட், சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் ஒருவருக்கொருவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்ட சீட்டுகள் (எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது!) இதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாக. நாள் நிறைய இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். என் அக்காவிடம் எதை அழகாகக் கொடுத்தாலும் "ஐயோ, இதைப் போய் வீணாக்குவதா" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். போன முறை வாங்கிக் கொடுத்த கலர் பென்சில் டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அவள் ஒரு காலத்தில் என்னைவிட நன்றாக வரைவாள், இப்போது கையில் பென்சில் எடுத்தே பல வருஷம் ஆகிறது. அவள் திரும்ப வரைய வேண்டும் என்பதுதான் என் உள்நோக்கம், அதை அவளிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

செய்முறையிலும் இரண்டு சந்தேகம். பிரிண்டர் தாளில் வாட்டர்கலர் பூசிப் பார்த்தேன், அப்பளமாக நெளிகிறது. அக்ரிலிக் பூசிய இரண்டு பக்கங்களை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடி வைத்தேன், மறுநாள் திறக்கும்போது டர்ரென்று சத்தம், ஒரு பக்கத்து நீலம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. என்ன தாள், என்ன பெயிண்ட், எப்படித் தைப்பது, எவ்வளவு நிரப்பி எவ்வளவு வெற்றாக விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசியும் நூலும்:

தாளிலிருந்து தொடங்கலாம், பாதிப் பிரச்சினை அங்கேதான். பிரிண்டர் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும், அது எழுதத்தான், ஈரம் தாங்காது. வாட்டர்கலருக்கென்று வரும் தாள் 300 ஜிஎஸ்எம், அது பெரிதாக நெளியாது, ஆனால் முழுப் புத்தகத்தையும் அதில் செய்தால் மடிப்பு முரண்டு பிடிக்கும், புத்தகமும் செங்கல் கனத்துக்கு வரும். மிக்ஸ்டு மீடியா என்று விற்கும் 180 முதல் 250 ஜிஎஸ்எம் தாள் இந்த வேலைக்குப் போதும். கொஞ்சம் நெளியும், அதை அழுத்தி வைத்துச் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது யாரும் முதலில் சொல்லித் தராத விஷயம்: தாளுக்கு ஓட்டம் உண்டு. மிஷினில் தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு கத்தி வைத்தாற்போல விழும், குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடித்து நார் நாராகத் தெரியும், புத்தகமும் சரியாக மூடாது. கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் மெதுவாக வளைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்கிப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்த வளைவுக்கு எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் மடிப்புக் கோடு போகும் திசைதான் ஓட்டம். புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட்டம் இருக்க வேண்டும். ஏ4 தாள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓட்டம் உள்ளதாக வரும், அதை இரண்டாக மடித்தால் குறுக்கு மடிப்பாகிவிடும். அதே நீளவாக்கு ஓட்டம் உள்ள ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால், கிடைக்கும் ஏ4 தாள்களை மடிக்கும்போது ஓட்டம் தானாகச் சரியாக வந்து நிற்கும். வாங்கும்போது அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், கையால் வளைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மடித்த நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். பைண்டிங் செய்கிறவர்கள் இதை ஒரு ஃபாரம் என்பார்கள். கனமான தாளில் நான்குக்கு மேல் செருக வேண்டாம், உள்தாள்கள் வெளியே துருத்தும். மடிப்பை ஒரு ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, குத்தூசியால் மூன்று துளை. ஊசி நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போகட்டும், மேல்துளையில் உள்ளே வரட்டும், உள்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியேறி, திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே வரட்டும். இப்போது நூலின் இரண்டு முனையும் நடுவில் இருக்கும். அந்த நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையாக வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. நூல் முதுகு உயரத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் போதும். மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள், சிக்காது, முடிச்சும் வழுக்காது. இழுக்கும்போது நூலை முதுகோடு கிடையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

கடைசியாக, போட்டோவும் டிக்கெட்டும் ஒட்ட ஒட்ட புத்தகம் வாய் பிளக்கும். முதுகுப் பக்கம் மெலிந்தும் திறக்கும் பக்கம் தடித்தும் போய்விடும். அதற்கு இப்போதே வழி செய்யுங்கள். அதே தாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டை வெட்டி, அதையும் இரண்டாக மடித்து, தாள்களுக்கு நடுநடுவே செருகிச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். முதுகுக்குக் கனம் ஏறும், ஒட்டுகிறதை அந்தக் கனம் ஈடுகட்டும்.

வண்ணத்தொட்டி:

அக்ரிலிக் ஒட்டிக்கொண்டதில் உங்கள் குறை எதுவும் இல்லை, அந்தப் பெயிண்டின் குணம் அப்படி. அது அடிப்படையில் ஒரு பிளாஸ்டிக். தொட்டுப் பார்த்தால் அரைமணியில் காய்ந்தது போலிருக்கும், உள்ளே முழுசாக இறுகப் பல நாள் ஆகும், தடிமனாகப் பூசினால் வாரக்கணக்கில்கூட. அதற்குப் பிறகும் சூடும் கனமும் சேர்ந்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். பளபளப்பாகக் காய்கிற வகை இன்னும் மோசம்.

இதற்கு நான் பின்பற்றுவது: எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் அக்ரிலிக் பூசுவதே இல்லை. ஒரு பக்கம் அக்ரிலிக் என்றால் அதை முகம் பார்க்கிற பக்கம் வாட்டர்கலரோ கலர் பென்சிலோ வெறும் எழுத்தோதான். அதற்கு மேலும் பயமாக இருந்தால் பட்டர் பேப்பரை நடுவில் வைத்துத் தைத்துவிடுங்கள், பின்னால் வரும் படம் மங்கலாகத் தெரிவது பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். மேலே மெழுகு பூசுகிற வழியும் உண்டு, ஆனால் மெழுகு பூசிய இடத்தில் அப்புறம் எந்தப் பேனாவும் எழுதாது. அக்காவும் அதில் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறீர்களே, அதனால் அது வேண்டாம். இன்னொன்று, காய்ந்த அக்ரிலிக் மேல் நார்முனைப் பேனாவால் எழுதினால் முனை அடைத்துப் பேனா செத்துவிடும். எழுத வேண்டிய இடத்தை வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள்.

நெளிவுக்கு: வரைந்தோ ஒட்டியோ முடித்த பக்கம் தொட்டால் ஈரமில்லை என்ற நிலைக்கு வந்ததும், இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க விடுங்கள். மெல்லிய தாளில் பெயிண்ட் பூசியே ஆக வேண்டும் என்றால் அடியில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு ஒன்று. அது தாள் ஈரத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் சுருண்டுகொள்ளும், பின்பக்கமும் ஒன்று இழுத்துவிடுங்கள்.

எழுதுவதற்கும் கோடு போடுவதற்கும் பிக்மென்ட் மை (தண்ணீரில் கரையாத நிறத்துகள் உள்ள மை) உள்ள பேனா. அது காய்ந்த பிறகு மேலே வாட்டர்கலர் பூசினாலும் கலங்காது. சாதாரண ஜெல் பேனாவில் கோடு போட்டு மேலே ஈரத் தூரிகை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு துண்டுத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

பழையபெட்டி:

நடுவில் நுழைகிறேன், அந்தச் சீட்டுகளைப் பற்றிப் படித்ததும் பதறிவிட்டது. தயவுசெய்து அசலை ஒட்டாதீர்கள்! பசை போட்டால் திரும்பாது. ஸ்கேன் எடுத்து, பிரிண்ட் போட்டு, அதை ஒட்டுங்கள். அசல் புத்தகத்திலேயே இருக்க வேண்டும் என்றால் மூன்று பக்கம் ஒட்டிய தாள் பையாகச் செய்து அதற்குள் செருகுங்கள், எடுத்துப் படிக்கலாம், திரும்ப வைக்கலாம். சொல்லப்போனால் அப்படி எடுத்துப் படிப்பதில்தான் சுகமே இருக்கிறது.

பிரிண்டை லேசரில் போடுங்கள். அதில் டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியிருக்கும், மேலே பசையோ தண்ணீரோ பட்டாலும் கலங்காது. இங்க்ஜெட் பல சமயம் ஓடிவிடும். போட்டோவுக்கும் இதே கதைதான்.

டிக்கெட் என்றீர்கள், வழுவழுப்பாக மெல்லியதாக, நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிற வகை என்றால் அது தெர்மல் தாள். அதில் மையே கிடையாது, சூடு பட்டு நிறம் மாறிய பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. அது தானாகவே மங்கும், சில பசைகளும் பிளாஸ்டிக் உறைகளும் அதை இன்னும் சீக்கிரம் அழித்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் முழுசும் கறுத்துக் கரித்துண்டாகத் திரும்பி வரும். உடனே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் துணுக்கும் அப்படியே, அதில் உள்ள லிக்னின் என்கிற மரப்பொருள் மஞ்சளாக்கிவிடும், பக்கத்துத் தாளிலும் கறை ஏறும். செல்லோடேப் எங்கேயும் வேண்டாம். அது காய்ந்து உதிர்ந்த பிறகும் பழுப்புக் கறை போகாது.

சும்மா ஒரு கோடு:

தொழில்நுட்பம் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் பீரோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா அதைப் பூட்டி வைப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, அது முடிந்துபோன பொருளாக இருப்பதுதான். முழுசாக முடித்த அழகான பொருளில் யாருக்கும் கை வைக்க மனம் வராது. அதனால் முடிக்காமல் கொடுங்கள். ஒரு முகம், பாதி மட்டும் வரைந்தது. ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. பழைய வீட்டின் தரைப்படம் கோடாக மட்டும், அறைகளுக்குள் எதுவும் வரையாமல். எந்தப் பக்கத்தையும் பளிச்சென்ற வெள்ளையாக விடாதீர்கள், பயமுறுத்துவது அந்த வெள்ளைதான். தண்ணியாக ஒரு நிறம், ஒரு தூரிகை வீச்சு, ஒரு முத்திரை, ஏதோ ஒன்று ஏற்கனவே அங்கே இருக்கட்டும். முதல் பக்கத்தை வேண்டுமென்றே கிறுக்கலாக விடுங்கள், முத்து முத்தான எழுத்தில் "அன்பு அக்காவுக்கு" என்று எழுதிவிட்டால் அப்புறம் அது கோயில் விக்கிரகம்தான்.

கேள்வி எழுதுவதாக இருந்தால் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். "இன்று உங்களை மகிழ்வித்தது எது" என்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வி வேண்டாம். "மாடிப்படியில் எந்தப் படி ஆடும்? அதை வரை." இப்படிக் கேட்டால் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

வாங்கிய பக்கம்:

மேலே சொன்னவரோடு பாதி ஒத்துப்போகிறேன், பாதி இல்லை. நான் இப்படி ஒரு ஜர்னலைப் பரிசாக வாங்கியவள். கொடுத்தவள் உயிர்த்தோழி, கை சுத்தமான வேலைக்காரி. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி, ஒரு பாதிப் படம், "இங்கே நீ எழுது" என்று ஒரு கட்டம். திறக்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்வுதான் வரும். இரண்டு பக்கம் நிரப்பினேன், மூன்றாவதில் நின்றுவிட்டேன். பரிசு கொடுத்துவிட்டு வேலையும் சேர்த்துக் கொடுத்தாற்போல இருந்தது. வரைவதை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு அந்தப் பாதி முகத்தின் மிச்சத்தை வரைவது சாதாரண விஷயமா? ஒரு பாதி நன்றாக இருக்கும், தன் பாதி கோணலாக இருக்கும், ஒரே பக்கத்தில் இரண்டும் அருகருகே! நான் என்றால் மூடி வைத்துவிடுவேன்.

என்னை இழுத்தது வேறொன்று. அதே புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அவள் தன்னைப் பற்றி ஒரு விஷயம் எழுதியிருந்தாள், எனக்கு அதுவரை தெரியாதது, என்னைக் கேட்காமல், என்னிடம் எதையும் எதிர்பார்க்காமல். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிப் புத்தகத்தையே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் அடுத்த பக்கத்தை நிரப்பித் திரும்பத் தந்தாள். இப்போது அது எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன, அது வேறு விஷயம்.

உங்கள் கதையில் கதவுக்கு அடியில் சீட்டுத் தள்ளிய இரண்டு பேர் ஏற்கனவே இருக்கிறார்களே. அதையே தொடருங்கள். ஒரு முறை நீங்கள், ஒரு முறை அவர். திருப்பி அனுப்ப வேண்டிய புத்தகத்தைப் பூட்டி வைக்க முடியாது பாருங்கள்.

கிறுக்கல்காரி:

கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். இதுதான். அவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவே தெரியாது, சின்ன வயதிலிருந்தே கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் இப்போது வேறு கவலை. நாங்கள் இருவரும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம், தபாலில்தான் போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுப் புத்தகத்தையும் அனுப்பினால் கனம், வழியில் தொலைந்தால் எல்லாமே போச்சு. ஊசியும் நூலும் சொன்ன ஃபாரம் முறையில் தனித்தனியாக அனுப்ப ஏதாவது வழி உண்டா? சும்மா ஒரு கோடு சொன்ன தரைப்படத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பாதி முகம் வேண்டாம், வாங்கிய பக்கம் சொன்னது அப்படியே என் அக்காவுக்கும் பொருந்தும்.

ஊசியும் நூலும்:

உண்டு. எல்லா ஃபாரத்தையும் ஒரே அட்டையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபாரத்தையும் மெல்லிய அட்டை ஒன்று போட்டு, நான் சொன்ன மூன்று துளைத் தையலில் தனித்தனிக் குட்டிப் புத்தகமாக முடித்துவிடுங்கள். வெளியே ஒரு பெரிய மேலுறை, தடித்த துணியிலோ ஃபெல்ட்டிலோ தோலிலோ. உள்ளே வருவது ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர் என்றால், மேலுறை ஏறக்குறைய 330க்கு 220 இருக்கலாம், முதுகுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அதிலேயே வந்துவிடும். முதுகின் மேலே இரண்டு துளை, கீழே இரண்டு துளை போட்டு, எலாஸ்டிக் கயிற்றை உள்பக்கம் இரண்டு இழையாக ஓடும்படி கோத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு இழைக்கு அடியிலும் ஒரு குட்டிப் புத்தகத்தை நடுப்பக்கம் திறந்து செருகினால் நின்றுவிடும். எலாஸ்டிக் உறையைவிடக் கொஞ்சம் குட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும், தளர்ந்தால் புத்தகம் சரிந்து வெளியே தொங்கும். சில வருஷத்தில் அது இழுபட்டுப் போகும், அப்போது கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மேலுறை அக்காவிடமே இருக்கட்டும். தபாலில் போய்வருவது குட்டிப் புத்தகம் மட்டும். வாய் பிளக்கும் பிரச்சினையும் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் ஒன்று தடித்தால் அடுத்ததை மெலிதாகச் செய்துகொள்ளலாம். இன்னொரு உறை உங்களுக்கும் செய்துகொள்ளுங்களேன், ஒரு சமயத்தில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று இரண்டு புத்தகம் ஓடட்டும்.

வண்ணத்தொட்டி:

தபால் என்றால் பட்டன், மணி, சிப்பி, தடிமனான ஜெல் எதுவும் வேண்டாம். வழியில் மற்ற பார்சல்களின் கனமும் வெயில் சூடும் சேரும், அக்ரிலிக்குக்கு அது இரண்டுமே ஆகாது. அனுப்புகிற புத்தகத்தில் வாட்டர்கலர், மை, கலர் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்திக் காயவைத்த பூ வைக்கிறதானால் இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காய்ந்தது மட்டும். ஈரப்பதம் இருந்தால் மூடிய உறைக்குள் பூஞ்சை பிடித்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பழையபெட்டி:

அனுப்பும் முன் ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கத்தையும் ஒரு போட்டோ. ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில், மேலிருந்து நேராக. தொலைந்தால் பிரிண்டாவது மிஞ்சும். அந்த அசல் சீட்டுகளை மட்டும் தபாலில் ஏற்றாதீர்கள், அவை மேலுறையில் உள்ள பையில் அக்காவிடமே இருக்கட்டும், நேரில் போகும்போது கொடுங்கள்.

சும்மா ஒரு கோடு:

பாதி முகம் போனால் போகட்டும் :) முதல் புத்தகத்தில் நீங்கள் எத்தனை பக்கம் நிரப்புவீர்கள்?

கிறுக்கல்காரி:

16இல் மூன்றுதான். ஒன்று தரைப்படம். ஒன்றில் அவள் எழுதிய ஒரு சீட்டின் நகல், "என் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தது நீதான், எனக்குத் தெரியும்" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் இத்தனை வருஷம் கழித்து எழுதும் பதில்: எடுத்தது நான் இல்லை, யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். மிச்சம் 13 பக்கத்துக்கு லேசாக ஒரு நிறம் மட்டும் ஓட்டி, அழுத்தி வைத்து அனுப்பப் போகிறேன். ஏ3 தாள் நாளைக்கு வாங்குகிறேன், வளைத்துப் பார்த்துத்தான்.